உண்டியல் குலுக்க ஆளில்லாத காய்ச்சல்

கடிப்பது கண்ணுக்குத் தெரியாத பூச்சி. மாற்றும் மருந்து மலிவு மாத்திரை. ஆனாலும் உண்ணிக் காய்ச்சலில் ஆட்கள் சாகிறார்கள். அமெரிக்காவில் உண்ணி பரப்பும் நோய்களுக்கென்று அறக்கட்டளைகள் மில்லியன் கணக்கில் பணம் திரட்டுகின்றன. நம் பக்கம்?

சிரட்டையில் இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணெண்ணெய். பக்கத்தில் காதை மடித்துக் கிடக்கும் செவலை நாய். திருகோணமலை லிங்கநகரில் ஒரு வளவின் முன்புறம், வெயில் சாய்ந்து கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும் நேரம். பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு ஓர் அம்மா நாயின் காதுமடலைத் திருப்பிப் பிடித்து, நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளிச் சிரட்டைக்குள் போடுகிறார். இரத்தம் குடித்து ஊதியவை ஈயச் சாம்பல் நிறம். இன்னும் குடிக்காதவை தட்டையாக, மண்ணிறத்தில், எட்டுக் காலையும் விரித்துக்கொண்டு விளிம்பில் ஏறப் பார்க்கின்றன.

“நேற்றும் எடுத்தனான் தம்பி. இண்டைக்குப் பாருங்கோ, திரும்பவும் அவ்வளவு.”

“ஆக்களையும் கடிக்குமோ அம்மா?”

“ஏன் கடிக்காது? பேரனுக்குக் காதுக்குள்ள பூந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்த்தான் எடுத்தது. கடிச்சா என்ன, பிடுங்கி எறிஞ்சாச் சரி.”

பேச்சுக்கு நடுவே நாய் தலையைத் தூக்கி ஒருமுறை உறுமியது. தெருவில் புள்ளிமான்கள். திருகோணமலைக்காரருக்கு இது புதினமில்லை. பிரட்றிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் வீதியிலும் வாழைப்பழத் தோலை நீட்டினால் வந்து நிற்கும் மான்கள், பொழுதுபட்டால் நகரின் தெருக்களுக்கும் இறங்கிவிடும். குப்பை கிண்டும், மல்லிகைச் செடியை மொட்டையடிக்கும், நாய் துரத்தினால் வேலி பாயும். மானும் நாயும் மாடும் எலியும் மனிதரும் ஒரே வளவைப் பங்குபோட்டு வாழும் நகரங்கள் இந்த நாட்டில் அதிகமில்லை. உண்ணிக்கு இதைவிட வசதியான ஊர் எங்கே கிடைக்கும்?

அந்த அம்மா சொன்னது பெரும்பாலும் சரி. உண்ணிக் கடியில் மிகப் பெரும்பான்மை ஒரு தடிப்போடும் இரண்டு நாள் சொறிச்சலோடும் முடிந்துவிடும். இந்தக் கட்டுரை, முடியாமல் போகிற மிச்சக் கடிகளைப் பற்றியது.

இரண்டு பூச்சி, ஒரே பெயர்

வடக்கு கிழக்கில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று சொல்லும்போது இரண்டு நோய்கள் ஒரே பாயில் படுத்திருக்கின்றன. ஒன்று புள்ளிக் காய்ச்சல். நாய், மாடு, காட்டு விலங்குகளில் ஒட்டும் உண்ணி பரப்புவது. ரிக்கெற்சியா என்ற கிருமிக் குடும்பம் காரணம். மற்றது ஸ்க்ரப் டைபஸ். இதைப் பரப்புவது உண்ணியின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லத்தக்க சிற்றுண்ணி. அதிலும் அதன் குஞ்சுப் பருவம் மட்டுமே கடிக்கும். மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு பருமன். எலி ஓடும் பற்றைகளில் புல் நுனியில் காத்திருக்கும். கடித்தால் வலிக்காது. கடித்ததே தெரியாது. ஆறு நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வரும்போது, பற்றை வெட்டிய ஞாபகமும் போயிருக்கும்.

ரிக்கெற்சியா என்ற பெயரே ஒரு சாவின் ஞாபகம். அமெரிக்க மலைப் பகுதியில் புள்ளிக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று 1906-ல் காட்டியவர் ஹொவார்ட் ரிக்கெற்ஸ். நான்கு வருடம் கழித்து மெக்சிக்கோவில் டைபஸை ஆராயப் போனவர் அதே நோயில் இறந்தார். கிருமிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இலங்கையில் எந்தப் பகுதியில் எது என்பதற்கும் ஓரளவு வரைபடம் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர்கள் வெரஞ்ஜ லியனபத்திரணவும் வசந்தி தேவநேசனும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், மலைநாட்டு நோயாளிகளிடம் புள்ளிக் காய்ச்சலும், தாழ்நிலத்து நோயாளிகளிடம் ஸ்க்ரப் டைபஸும் மேலோங்கி நின்றன. யாழ்ப்பாணத்தில் பெரும்பாடு படுத்துவது ஸ்க்ரப் டைபஸ்தான். போர் முடிந்து, வருடக்கணக்காக ஆள் நடமாட்டமில்லாமல் பற்றை மண்டிய காணிகளுக்கு மக்கள் திரும்பிப் போகத் தொடங்கிய பிறகு அங்கே வைத்தியர்கள் இதை அதிகம் காணத் தொடங்கினார்கள்.

▣ பெட்டி: காதுக்குள் உண்ணி

உண்ணி காதுக்குள் புகுவது இலங்கையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுகளுக்குப் பழகிப்போன சங்கதி. பேராதனை விலங்கியல் ஆய்வாளர்கள் நோயாளிகளின் காதிலிருந்து எடுத்த உண்ணிகளை வகை பிரித்துப் பார்த்து 2010-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். அதிகம் அகப்பட்டது ‘டெர்மசென்ரர் ஒராற்றஸ்’ என்ற இனத்தின் முழு வளர்ச்சி அடையாத பருவம். சிறுபிள்ளைகளே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். காதுக்குள் தீக்குச்சி, ஊசி விடுவதால் செவிப்பறை கிழிவதுதான் மிச்சம். வைத்தியரிடம் போனால் நிமிட வேலை.

எட்டாம் நாள்

கிராமத்தில் இந்தக் காய்ச்சலுக்கு ஒரு வழக்கமான பயணம் உண்டு. முதல் இரண்டு நாள் பனடோலும் மல்லித்தண்ணியும். மூன்றாம் நாள் தனியார் டிஸ்பென்சரி. அங்கே ஓர் இரத்தப் பரிசோதனை. இரத்தவட்டு குறைந்திருக்கும். உடனே எல்லாருடைய மனமும் டெங்குவுக்குப் போய்விடும். போகாமல் என்ன செய்யும்? 2017-ல் கிண்ணியாவில் டெங்கு அடித்த அடியை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அந்த ஒரே வருடத்தில் நாடு முழுவதும் 186,000-க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். ஆனால் ஸ்க்ரப் டைபஸிலும் இரத்தவட்டு குறையும் என்பது பொதுமக்களுக்குத் தெரியாது.

டெங்குப் பரிசோதனை ‘இல்லை’ என்று வரும். சரி, ஏதோ கிருமித் தொற்று என்று அமொக்ஸிசிலின் எழுதிக் கொடுப்பார்கள். கொஞ்சம் பெரிய இடம் என்றால் ஊசி மூலம் செஃப்ட்ரியாக்சோன். இரண்டும் நல்ல மருந்துகள். ஆனால் கிருமியின் வெளிச்சுவரை உடைக்கிற இந்த வகை மருந்துகள், நம் உடலின் உயிரணுக்களுக்குள்ளேயே குடியேறிப் பெருகும் ரிக்கெற்சியாக் குடும்பத்திடம் பலிக்காது. ஏழாம் நாள், எட்டாம் நாள் மூச்சு முட்டத் தொடங்கும். சிலருக்கு மஞ்சள் காணும். சிலர் பிதற்றுவார்கள். அதற்குப் பிறகு அம்புலன்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு, செயற்கைச் சுவாசம். முதல் நாட்களிலேயே டொக்ஸிசைக்ளின் என்ற பழைய, மலிவான மாத்திரை கொடுத்திருந்தால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியிருக்கும். சிகிச்சையில்லாமல் விட்டால் ஸ்க்ரப் டைபஸ் சராசரியாக நூற்றுக்கு ஆறு பேரைக் கொண்டுபோகிறது என்பது பழைய மருத்துவப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் கணக்கு.

தப்பியவர்களும் முழுதாகத் தப்புவதில்லை. ராகமையில் ரஞ்சன் பிரேமரட்ணவும் அவரது குழுவினரும் 2006-ல் ஒரு விஷயத்தை மருத்துவ உலகுக்கு மறுபடி ஞாபகப்படுத்தினார்கள்: ஸ்க்ரப் டைபஸ் காதைப் பாதிக்கும், காய்ச்சலோடு திடீரெனக் கேள்விப்புலன் மங்கும். காய்ச்சல்காரர் “என்ன? என்ன?” என்று திருப்பித் திருப்பிக் கேட்டால் அது களைப்பு என்றே வீட்டில் நினைப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு வந்தால் கரு கலையலாம். புள்ளிக் காய்ச்சல் முற்றினால் தோல் கறுத்து அழுகும். மூட்டு வீங்கி, வார்ட்டுக்கு நொண்டிக்கொண்டு வருபவர்களை மத்திய மலைநாட்டு வைத்தியர்கள் விவரித்து எழுதியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் தடுக்கும் துப்பு பல நேரம் நோயாளியின் உடம்பிலேயே இருக்கிறது. சிற்றுண்ணி கடித்த இடத்தில் ஒரு கறுத்த பொருக்கு உண்டாகும். சிகரெட்டால் சுட்டதுபோல் வட்டமாக, சுற்றிலும் சிவந்து, வலியே இல்லாமல். பூச்சி தேடிப்போவது மெல்லிய, வேர்வை படிந்த தோலை. ஆகவே பொருக்கு இருக்கும் இடங்களும் அப்படித்தான்: அக்குள், கவட்டு, மார்பின் கீழ், சாரமோ பாவாடை நாடாவோ இறுக்கும் இடுப்பு மடிப்பு. நூறு பேர் காத்திருக்கும் வெளிநோயாளர் பிரிவில், திரைச்சீலைகூட இல்லாத மேசைக்கு முன்னால், இந்த இடங்களைப் பார்க்க யாருக்கு நேரம், யாருக்கு மனம்? ஆண் வைத்தியரிடம் ஒரு பெண் தானாகச் சொல்லவும் மாட்டார். “உடம்பில எங்கயாவது காயம் இருக்கோ அம்மா?” என்று கேட்டால், “இல்லை டொக்டர்” என்பதுதான் பதில். பொய்யில்லை. வலிக்காத காயம் அவருக்கே தெரியாது. வீட்டில் மகளோ சகோதரியோ குளிக்கும்போது முதுகையும் மடிப்புகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தால், சில ஆயிரம் ரூபா பரிசோதனை செய்வதை அந்தப் பார்வை செய்துவிடும்.

பொருக்கு எல்லாருக்கும் வராது என்பதும் உண்மை. அப்போது பரிசோதனையை நம்ப வேண்டும். பல இடங்களில் இன்னும் கையில் இருப்பது 1916-ல் வந்த வெயில்-பீலிக்ஸ் பரிசோதனை. நூறு வயது தாண்டியது, தவறவிடுவது அதிகம். நம்பகமான ஒளிர் எதிர்பொருள் பரிசோதனைக்கு நல்ல நுண்ணோக்கியும் பழகிய கையும் வேண்டும். இரத்தம் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்துக்குப் போய் முடிவு வருவதற்குள், நோயாளி வீடு போயிருப்பார், அல்லது போயிருக்க மாட்டார். அதனால்தான் அனுபவசாலி வைத்தியர்கள் முடிவுக்குக் காத்திராமல், சந்தேகத்தின் பேரிலேயே டொக்ஸிசைக்ளின் தொடங்கிவிடுகிறார்கள். சந்தேகம் வரவேண்டும் என்பதுதான் எல்லாம்.

மெலிந்த வரிசை

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு ஒவ்வொரு கிழமையும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. மாவட்டவாரியாக நோய்களின் அட்டவணை. அதில் டைபஸுக்கும் ஒரு நிரல் உண்டு. அது சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். வார்ட்டில் வைத்தியர் ‘எச் 544’ படிவத்தை நிரப்பினால், அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) நோயாளியின் வீட்டுக்கு வருவார். இந்த அட்டவணையில் யாழ்ப்பாணத்தின் எண் வருடா வருடம் தடித்து நிற்கும். திருகோணமலையின் எண் அதற்குப் பக்கத்தில் மெலிந்தது.

திருகோணமலையில் நோய் குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். தேடுவது குறைவு என்றும் கொள்ளலாம். எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். மாவட்டத்தைச் சுற்றிப் பாருங்கள்: திரியாய், குச்சவெளி, மொறவெவ, கோமரங்கடவல, சேருவில, வெருகல். காடும் வயலும் மாட்டுப்பட்டியும் ஒன்றோடொன்று உரசும் நிலம். விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகும் குடும்பங்கள். 2006-ல் குண்டுவீச்சில் ஓடிய சம்பூர் மக்களுக்கு 2015-க்குப் பிறகுதான் காணி கட்டங்கட்டமாகத் திரும்பக் கிடைத்தது. கிடைத்த காணியில் முதல் வேலை என்ன? கத்தியோடு இறங்கிப் பற்றை வெட்டுவது. யாழ்ப்பாணத்தில் காய்ச்சலைக் கொண்டுவந்த அதே வேலை.

பேர் தெரியாத காய்ச்சல் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்கு 2024 டிசம்பர் சாட்சி. யாழ்ப்பாணம் வடமராட்சிப் பக்கம் அடுத்தடுத்துச் சாவு. எலிக்காய்ச்சல் என்று உறுதியாகும்வரை ஊர் முழுக்க வதந்தி. பெயர் தெரிந்ததும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள், காரியம் அடங்கியது. அந்த மாத்திரையும் டொக்ஸிசைக்ளின்தான்.

படைக்கு வந்தபோது

இந்த நோய்க்குப் பணம் கொட்டிய காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர். பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் புல்லுக்குள் படுத்து எழும்பிய நேச நாட்டுப் படையினரை, எதிரியின் குண்டைப்போலவே ஸ்க்ரப் டைபஸும் சாய்த்தது. அப்போது இதற்கு மருந்தே கிடையாது. இலங்கைக் காடுகளில் பயிற்சி எடுத்த படையினருக்கும் வந்தது. 1944-ல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபோது, பிரித்தானியா ஓர் இரகசிய வேலையைத் தொடங்கியது. ‘ஒப்பரேஷன் டைபேர்ன்’. வெல்கம் ஆய்வுகூடத்தில், பருத்தி எலிகளின் நுரையீரலில் கிருமியை வளர்த்து இலட்சக்கணக்கான அளவில் தடுப்பூசி. 1945 ஜூனில் முதல் தொகுதி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. போடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைக்குத் தளபதிகள் சம்மதிக்கவில்லை. போரும் முடிந்தது. தடுப்பூசி வேலை செய்ததா என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று.

மூன்று வருடம் கழித்து, 1948-ல், அமெரிக்க இராணுவ மருத்துவர் ஜோசப் ஸ்மாடெலின் குழு கோலாலம்பூரில் குளோரம்பெனிகோல் கொடுத்துப் பார்த்தது. நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். மருந்து கிடைத்துவிட்டது. அதோடு பணக்காரப் படைகளின் அக்கறையும் தீர்ந்துவிட்டது. ஸ்க்ரப் டைபஸுக்கு இன்றைக்கும் தடுப்பூசி கிடையாது. வருடத்துக்குச் சுமார் பத்து இலட்சம் பேருக்கு வருவதாக மதிப்பிடப்படும் நோய், உலக சுகாதார நிறுவனத்தின் ‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்’ பட்டியலிலும் இல்லை. புறக்கணிக்கப்பட்டவர்களின் பட்டியலிலும் புறக்கணிப்பு! பட்டியலில் இல்லாததற்கு நன்கொடையாளர்களிடம் நிதி கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த எவரும் சொல்வார்கள்.

லைமில் இரண்டு தாய்மார்

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி ஓடியது. 1975-ல் கனெக்ரிகட் மாநிலத்தின் லைம் என்ற சிற்றூரில், பிள்ளைகளின் முழங்கால் வீங்குகிறதே என்று இரண்டு தாய்மார் தனித்தனியே சுகாதாரத் துறைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஒருவர் பொலி மரே. வருடக்கணக்காகத் தன் குடும்பத்தின் நோய்களைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தவர். யேல் பல்கலைக்கழகத்தின் அலன் ஸ்ரீர் வந்து விசாரித்தார். 1977-ல் வெளிவந்த அவருடைய ஆய்வில் 51 பேர். அவர்களில் 39 பேர் பிள்ளைகள். 1981-ல் வில்லி பேர்க்டோர்ஃபர் மான் உண்ணிக்குள் கிருமியைக் கண்டுபிடித்தார். லைம் நோய்க்கு இப்போது அங்கே வருடத்துக்கு சுமார் 476,000 பேர் சிகிச்சை பெறுவதாக அரசின் மதிப்பீடு.

ஆய்வாளர்களைவிட அந்தத் தாய்மாரின் வழியில் வந்தவர்கள்தான் பணத்தைத் திரட்டினார்கள். நோயாளிகளும் பெற்றோரும் தொடங்கிய சிறு அமைப்புகள் வளர்ந்தன, ஒன்றோடொன்று இணைந்தன. உண்ணி நோய்களுக்கான இரண்டு அமைப்புகள் சேர்ந்து 2015-ல் ‘குளோபல் லைம் அலையன்ஸ்’ உருவாயிற்று. விழிப்புணர்வு ஒரு கை, ஆய்வு நிதி மறு கை. அதே வருடம் தேசிக்காய்த் துண்டைக் கடித்து முகம் சுளித்துப் படம் பிடித்துப் போடும் சவால் ஒன்று பரவி, அதிலும் பணம் சேர்ந்தது. கோஹன் குடும்ப அறக்கட்டளை மட்டும் அறுபது மில்லியன் டொலருக்கு மேல் உண்ணி நோய்களுக்கு ஒதுக்கியது. 2019-ல் முன்னாள் செனற்றர் கே ஹேகன், உண்ணி பரப்பும் பொவாசன் வைரஸின் பாதிப்பால் இறந்தார். இரண்டே மாதத்தில் அவர் பெயரில் சட்டம் வந்தது. ஐந்து வருடத்துக்கு 150 மில்லியன் டொலர் செலவிட அனுமதி.

அங்கே எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஆர்வலர் அமைப்புகளில் சில, ‘நாட்பட்ட லைம்’ என்ற பெயரில் மாதக்கணக்கில் ஊசி மூலம் அன்ரிபயோற்றிக் ஏற்றும் வைத்தியத்தைத் தூக்கிப் பிடித்தன. முறையான சோதனைகளில் அதற்குப் பலன் தெரியவில்லை. அப்படி ஏற்றிக்கொண்டவர்களுக்குக் கடும் தொற்று ஏற்பட்டு, உயிரிழப்பும் நேர்ந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2017-ல் அறிவித்தது. நோயாளியின் கண்ணீரைக் காட்டி நிதி சேர்க்கும் அமைப்புக்கு, அந்த நிதி எந்த ஆய்வுக்குப் போகிறது என்று கேள்வி கேட்கும் விஞ்ஞானிகள் பக்கத்தில் இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

வேலூரில் பலித்தது

நம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜோர்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்த ‘இன்ட்ரெஸ்ட்’ ஆய்வு, 2023 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. கேள்வி எளிது: ஸ்க்ரப் டைபஸ் முற்றி வந்தவருக்கு ஊசி மூலம் டொக்ஸிசைக்ளின் கொடுப்பதா, அசித்ரோமைசின் கொடுப்பதா, இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதா? 794 நோயாளிகள். இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் இறங்காத காய்ச்சல் என்று கெட்ட விளைவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தனி மருந்து பெற்றவர்களில் இது நூற்றுக்கு 47, 48. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 33.

புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. மருந்துக்கடையில் ஏற்கெனவே கிடக்கும் இரண்டு பழைய மருந்துகளை ஒன்றாக ஏற்றினால் என்ன என்று ஒழுங்காகக் கேட்டார்கள், அவ்வளவே. காப்புரிமை முடிந்த மருந்துக்கு எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு சோதனையை நடத்தாது; அதில் இலாபம் இல்லை. செலவைத் தந்தது இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் ‘இந்தியா அலையன்ஸ்’. போர்க்காலத்தில் எலி நுரையீரலில் தடுப்பூசி செய்த அதே வெல்கம்தான். 1936-ல் இறந்த ஹென்றி வெல்கமின் உயிலால் உருவான அறக்கட்டளை, இந்த நோயின் கதையில் இரண்டாம் முறை வந்து நிற்கிறது.

ஆய்வின் பலன் ஊருக்குள் இறங்குவதும் முக்கியம். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை, சென்னை, காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை முதலான மாவட்டங்களில் ஸ்க்ரப் டைபஸ் கூடியிருப்பதாக எச்சரித்து, காய்ச்சலோடு வருபவர்களிடம் இதையும் தேடும்படி வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டது. நகரத்திலும் வரும் என்பது அப்போது பலருக்குப் புதுச் செய்தி.

▣ பெட்டி: குரங்கு செத்தால்

1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பின்னால் மனிதர்களுக்குக் காய்ச்சல். உண்ணி பரப்பும் வைரஸ் என்று புனே ஆய்வாளர்கள் கண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். பிற்காலத்தில் நீலகிரியின் முதுமலைப் பக்கமும் வயநாட்டிலும் தலைகாட்டியது. பழைய தடுப்பூசி பலன் குறைந்ததால் கைவிடப்பட்டு, புதியதற்கு வேலை நடக்கிறது. அந்த நோய் இலங்கையில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகள் கூட்டமாகச் செத்தால் பி.எச்.ஐ.க்குச் சொல்வது நல்ல பழக்கம்.

இங்கே ஓர் உண்டியல் வைத்தால்

சிறுநீரகத்துக்கு, புற்றுநோய்க்கு, இதயச் சத்திரசிகிச்சைக்கு நம் ஊரில் பணம் சேர்க்கத் தெரியும். பழைய மாணவர் சங்கம் டயாலிசிஸ் இயந்திரம் வாங்கித் தரும். கோயில் திருவிழாவில் இரத்ததான முகாம் நடக்கும். ரொறன்ரோவில் நடைபவனி நடந்து மட்டக்களப்பில் கட்டடம் எழும்பும். உண்ணிக் காய்ச்சலுக்கு உண்டியல் குலுக்கி நான் பார்த்ததில்லை. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. வருபவர் விறகு வெட்டுபவர், மாடு மேய்ப்பவர், காணி துப்புரவாக்கப் போன கூலிக்காரர். பத்து நாளில் பிழைப்பார் அல்லது இறப்பார். மேடையில் ஏறிப் பேச நீண்டகால நோயாளி கிடைப்பதில்லை. திறந்துவைக்கக் கட்டடமும் இல்லை, நாடா வெட்ட இயந்திரமும் இல்லை.

ஆனால் செலவு சின்னது என்பதே இதன் கவர்ச்சியாக இருக்க வேண்டும். முதலாவது தேவை, வெயில்-பீலிக்ஸை விட்டு மாவட்ட மட்டத்திலேயே செய்யக்கூடிய நல்ல எதிர்பொருள் பரிசோதனைப் பெட்டிகள், ஒரு மழைக்காலம் முழுவதற்கும். இரண்டாவது, காய்ச்சலோடு திருகோணமலை, கந்தளாய், மூதூர், கிண்ணியா ஆஸ்பத்திரிகளுக்கு வருபவர்களிடம் ஒரே ஒழுங்கில் இரத்தம் எடுத்து, இந்த மாவட்டத்தில் எவருக்கு எது வருகிறது என்று கணக்குப் பார்ப்பது. மான், மாடு, நாய் உண்ணிகளைச் சேகரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதையும் இதோடு சேர்க்கலாம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. பிரயோக விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேராதனையில் வழிகாட்ட அறிவு இருக்கிறது. ஓர் ஆராய்ச்சி மாணவரின் இரண்டு வருடச் செலவு ஒரு டயாலிசிஸ் இயந்திரத்தோடு ஒப்பிட்டால் பெரிய தொகையாக இருக்காது. மூன்றாவது, கிராமத்துக்குச் சொல்வது. அதற்குச் சுவரொட்டியைவிட, தாய்சேய் கிளினிக்குக்கு வரும் பெண்களிடம் பேசும் குடும்பநல உத்தியோகத்தர் நூறு மடங்கு பயன்படுவார்.

மான்களை விரட்டு என்று யாராவது கிளம்பிவிடக்கூடும். அது வேண்டாத வேலை. மான் போனால் உண்ணிக்கு நாய் இருக்கிறது, மாடு இருக்கிறது. சிற்றுண்ணிக்கு எலி இருக்கிறது. குப்பையை ஒழுங்காக அள்ளினால் எலி குறையும், மானும் பிளாஸ்டிக் தின்று சாகாது.

▣ பெட்டி: உண்ணி கடித்தால்

இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தீக்குச்சி வேண்டாம், நசுக்கவும் வேண்டாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேதியைக் கலண்டரில் குறித்துவையுங்கள். மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் சொல்லும் முதல் வசனம்: “டொக்டர், நான் பற்றைக்குள்ள போனனான்.” பற்றை வெட்டும்போது நீளக் கால்சட்டை, முழுக்கைச் சேட், சப்பாத்து. வீடு வந்ததும் உடுப்பைத் தோய்க்கப் போட்டுவிட்டுக் குளியுங்கள். டொக்ஸிசைக்ளினை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து உண்டு. சிறுபிள்ளைகளுக்குப் பல் கறுக்கும் என்ற பழைய பயத்தால் இந்த நோயில் மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல்; அதையும் வைத்தியரே முடிவு செய்யட்டும்.

நிதி தருபவர்களிடம் ஒன்றை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். பரிசோதனைப் பெட்டி வந்து, வைத்தியர்கள் பொருக்குத் தேடத் தொடங்கி, எச் 544 படிவங்கள் ஒழுங்காகப் போனால், அந்தக் கிழமை அறிக்கையில் திருகோணமலையின் எண் குறையாது, ஏறும். முதல் வருடம் நிச்சயமாக ஏறும். இரண்டாம் வருடமும் ஏறலாம். “இவ்வளவு காசு தந்தும் நோய் கூடிவிட்டதே” என்று லண்டனிலிருந்து தொலைபேசி வரும். அப்போது அழைத்தவருக்குக் காட்ட வேறோர் எண் கையில் இருக்க வேண்டும்: காய்ச்சல் தொடங்கிய எத்தனையாவது நாளில் முதல் டொக்ஸிசைக்ளின் கொடுக்கப்பட்டது. அந்த எண் எட்டிலிருந்து நாலுக்கு இறங்கினால் தந்த காசு வேலை செய்கிறது.